தண்ணிக்குள்ள பைக்: ரேஸ் புடிச்சா தப்பலாமா? (ஒயில், பிறேக், செயின், மாடு எல்லாம் உள்ளுக்க வந்துத்து)

2024 நவம்பர் 18, கேள்வி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால, படுவான்கரைப் பக்கம் வேல. மழை தொடங்கித்து. பஜாஜ் சிடி 100 பைக்தான் வச்சிரிக்கன். ரோட்டுல தண்ணி நிக்கிற இடத்துல நல்லா ரேஸ் புடிச்சு (அக்சிலேட்டர முறுக்கி) ஸ்பீடா அடிச்சுப் போனா சைலன்சருக்குள்ள தண்ணி போகாது, ஒண்டும் நடக்காது எண்டு கந்தோர்ல எல்லாரும் சொல்றாங்க. நானும் அப்பிடித்தான் போறன். சரிதானே?

நவம்பர் 18, ராவு, பதில்

பாதி சரி. ரேஸ் புடிக்கிறது சரி, ஸ்பீடா அடிக்கிறது பிழை. நம்மட ஆக்கள் இது ரெண்டையும் ஒண்டாப் போட்டுக் குழப்பிறாங்க. முதலாம் கியர், கிளச்ச அரைவாசி புடிச்சு, அக்சிலேட்டர ஒரே அளவா வச்சுக்கொண்டு ஆள் நடக்கிற வேகத்துல போகோணும். எஞ்சின் ஓடுற மட்டும் புகை வெளிய தள்ளிக்கொண்டே இருக்கும், சைலன்சருக்குள்ள தண்ணி ஏறாது. இடையில கியர் மாத்தப் போய் அக்சிலேட்டர விட்டீங்களோ அதிலதான் எஞ்சின் நிண்டுபோகும்.

ஸ்பீடா போனா என்ன நடக்கும்? முன் சில்லு தண்ணியக் கிழிச்சு மேல எறியும். அது நேரா போறது பிளக் கப்புக்கும், சீட்டுக்குக் கீழ இரிக்கிற எயார் பில்ட்டர் வாயிக்கும். சைலன்சருக்குப் பயந்து மத்தப் பக்கத்தால நாமளே தண்ணி குடுக்கிறம். காத்த அமுக்கலாம், தண்ணிய அமுக்க ஏலா. சிலிண்டருக்குள்ள தண்ணி நிக்கக்குள்ள பிஸ்டன் மேல வந்தா எதாவது ஒண்டு வளையத்தான் வேணும், வளையிறது கனெக்டிங் ரொட். அதோட எஞ்சின் முழுசா கழட்டோணும், சிடி 100க்கு அந்தச் செலவு செய்யிறதா விக்கிறதா எண்டு யோசிக்க வரும்.

என்ட கணக்கு: சில்லின்ட அச்சுக்கு மேல தண்ணி எண்டா இறங்கிறல்ல. சுத்துப் பாதை இருந்தா சுத்து, இல்லாட்டி தேத்தண்ணிக் கடை.

நவம்பர் 19

ஸ்கூட்டிக்காரர் மேல உள்ளத வச்சு இறங்க வேணாம். டியோ, ரே மாதிரிச் சாமானுக்கு கியரும் இல்ல கிளச்சும் இல்ல, பெல்ட்டுல ஓடுற வண்டி. பெல்ட் பெட்டிக்குள்ள தண்ணி போனா பெல்ட் வழுக்கும், எஞ்சின் கத்தும், வண்டி நகராது. சில்லும் சின்னன், அதனால எல்லாம் கீழ இரிக்கும். கியர் பைக்குக்கு அச்சு மட்டம் எண்டா ஸ்கூட்டிக்கு அதிலயும் குறைச்சுப் பாருங்க.

நவம்பர் 27

மழை விடுற மாதிரித் தெரியல்ல. நான் அச்சு மட்டம் எண்டு எழுதினது நிக்கிற தண்ணிக்கு மட்டும். ஓடுற தண்ணிக்கு அந்தக் கணக்கு செல்லாது எண்டு அப்பவே சேத்திருக்கோணும், இப்ப சேக்கிறன். ஓடுற தண்ணி 15 சென்ரிமீற்றர் இருந்தாலே வளந்த ஆளின்ட காலைத் தட்டி விழுத்தும். பைக்குக்கு ரெண்டு சில்லு, பக்கத்தால தள்ளினா புடிக்க ஒண்டுமில்ல. நேத்து காரைதீவு மாவடிப்பள்ளில மதுரசாப் பிள்ளைகள் வந்த உழவு மெசினையே வெள்ளம் இழுத்துப் போட்டுத்து. மெசின்ட பாரம் என்ன, நம்மட பைக்கின்ட பாரம் என்ன.

நம்மட பக்கத்து ரோட்டு முக்காவாசி வயலுக்கு நடுவால மண் போட்டு உயத்தின ரோட்டு. ரெண்டு பக்கமும் வாய்க்கால். தண்ணி மூடினாப் பிறகு ஓரம் எங்க முடியுது, மதகு எங்க இரிக்கி, எந்த இடத்துல தார் அரிச்சுக்கொண்டு போயிருக்கு எண்டு ஊர்க்காரனுக்கே தெரியா. கிரான் புலிபாய்ந்தகல் ரோட்டுல ஒவ்வொரு மாரிக்கும் வள்ளம் விடுறது சும்மா இல்ல. "முன்னால போன பைக் போயித்துதானே" எண்டு போறவங்களுக்குச் சொல்றன், முன்னால போனவன் போனது அஞ்சு நிமிசத்துக்கு முந்தின தண்ணில.

இண்டைக்கு இவ்வளவுதான். வீட்டுல இருங்க.

டிசம்பர் 1

தண்ணி வத்துது. இப்பதான் பைக் சாகிற நேரம், ஏனெண்டா இப்பதான் எல்லாரும் போய் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கிறது.

தண்ணிக்குள்ள நிண்டுபோன பைக்கையோ, வெள்ளத்துல முங்கிக் கிடந்த பைக்கையோ செல்ப் அமத்தாதீங்க, கிக் அடிக்காதீங்க. முதல்ல பிளக்கக் கழட்டுங்க. கழட்டின பிறகு கிக்க மெதுவா அமத்துங்க, உள்ளுக்க தண்ணி இருந்தா பிளக் ஓட்டையால பீச்சி அடிக்கும், முகத்தக் கொண்டுபோய் வச்சுப் பாக்காதீங்க. கிக் இல்லாத வண்டி எண்டா மேல் கியர்ல போட்டு பின் சில்லக் கையால சுத்தினாக் காணும். முன் பக்கத்தத் தூக்கி வச்சா சைலன்சர் தண்ணி பின்னால வடியும். கபரேட்டர் அடியில ஒரு வடிப்பு ஸ்குரூ இரிக்கி, அதத் தளத்தி விட்டா கிண்ணத்துல நிக்கிற தண்ணி பெற்றோலோட சேந்து இறங்கும், பக்கத்துல சிகரட்டோட ஆள் நிக்கப்படா. எயார் பில்ட்டர் பேப்பர் எண்டா தூக்கி எறிங்க. பஞ்சு எண்டா மண்ணெண்ணெயில கழுவி, புழிஞ்சு, நிழல்ல காயவச்சு, ஒயில் கொஞ்சம் தடவிப் போடலாம்.

பிறகு எஞ்சின் ஒயில். நேத்து பக்கத்து வீட்டுத் தம்பிட பைக்குக்கு கீழ் நட்டக் கழட்டக்குள்ள கூட நிண்டன். முதல்ல வந்தது சுத்தமான தண்ணி, ஒரு சுண்டு இரிக்கும், அதுக்குப் பின்னால பால் தேத்தண்ணி நிறத்துல ஒயில், நுரையோட. தண்ணி பாரம், ஒயில் மிதக்கும், அதனால நிறுத்தி வச்சிருந்தா அடியில தண்ணிதான் கிடக்கும். அந்த நிலையில ஸ்டார்ட் பண்ணினா எண்ணெய்ப் பம்பு தண்ணியத்தான் மேல இறைக்கும். தம்பி ஏற்கனவே ரெண்டு தரம் கிக் அடிச்சுத்தான் வச்சிருந்தார், நல்ல காலம் ஸ்டார்ட் ஆகல்ல.

மலிவான ஒயில் ஊத்தி, அஞ்சு பத்து நிமிசம் மெதுவா ஓடவிட்டு, அத வடிச்சுப்போட்டு நல்ல ஒயில் ஊத்துங்க. ஒரு தரத்தோட பால் நிறம் போகாட்டி இன்னொரு தரம். கைக்கு வலிக்கும்தான்.

டிசம்பர் 3

"மலிவான ஒயில் எண்டா கார் ஒயில் ஊத்தலாமா, வீட்டுல அரைக் கேன் கிடக்கு" எண்டு ஒராள் கேட்டிருக்கார்.

கழுவிறதுக்கு எண்டாலும் நான் ஊத்த மாட்டன். கியர் பைக்குல எஞ்சின், கியர், கிளச் மூண்டும் ஒரே ஒயிலுக்குள்ளதான் குளிக்குது. இப்பத்தக் கார் ஒயில் சிலதுல வழுவழுப்புக்கு எண்டு மருந்து சேத்திருப்பாங்க, அது கிளச் தட்டுகளுக்குள்ள போனா கிளச் வழுக்கும். பைக் ஒயில் டப்பாவுக்குப் பின்னால ஜாசோ எம்ஏ (JASO MA) எண்டு ஒரு பெட்டி அடிச்சிருக்கும், ஜப்பான்காரன்ட தரம், அத மட்டும் தேடுங்க. எம்பி எண்டு இருந்தா அது ஸ்கூட்டிக்கு. ஒரு கராஜ்ல எனக்கு டப்பா காட்டாம பெரிய பீப்பாவில இருந்து ஊத்தி விட்டாங்க, அந்த மாசமே ஏத்தத்துல எஞ்சின் கத்துது வண்டி ஏறுதில்ல. அதுக்குப் பிறகு சீல் உடைக்கிறதக் கண்ணால பாத்துத்துத்தான் ஊத்த விடுறது. பாஸ்மார் (மெக்கானிக்மார்) கோவிப்பாங்க, கோவிக்கட்டும்.

வெள்ளத்துல போனதுக்கு இன்சூரன்ஸ் தருமா எண்டு கேட்டவருக்கு: நம்மள்ல அனேகம் பேர் போட்டிருக்கிறது தேட் பார்ட்டி. அது நீங்க மத்தவனுக்குச் செய்யிற சேதத்துக்கு. உங்கட எஞ்சினுக்குள்ள போன தண்ணிக்கு அல்ல.

டிசம்பர் 9

பிறேக் பத்தி ஒருத்தரும் கேக்கல்ல. எஞ்சினப் பத்தி இவ்வளவு பேர் அழுதீங்க, நிக்கிறதப் பத்தி ஒரு கேள்வி இல்ல.

டிரம் பிறேக் தண்ணிக்குள்ளால வந்தா கொஞ்ச நேரத்துக்குப் புடிக்காது. தண்ணிய விட்டு ஏறின உடனே ரெண்டு பிறேக்கையும் லேசா அமத்திக்கொண்டு மெதுவா ஓடுங்க, சூட்டுல காயும், புடிக்கத் தொடங்கிறது கையிலயும் காலிலயும் தெரியும். வெள்ளச் சேறு உள்ளுக்குப் போயிருந்தா காஞ்ச பிறகு "கிறீச்" எண்டு கேக்கும், டிரம்மக் கழட்டி மண்ணத் துடைக்கோணும். டிரம்முக்கு வெளிய, பிறேக் கம்பி வாற கைக்குப் பக்கத்துல ஒரு சின்ன அம்புக்குறி இரிக்கும், அனேகமான பைக்குல உண்டு, ஒருத்தரும் பாக்கிறல்ல. பிறேக்க முழுசா அமத்தினா அந்த அம்பு ஓடும், குறிச்சிருக்கிற எல்லையத் தாண்டினா உள்ளுக்க உரசிற பிறேக் சூ தேஞ்சித்து. நட்ட முறுக்கி முறுக்கி வச்சுக்கொண்டு "புடிக்குதுதானே" எண்டு சொல்றவங்க குனிஞ்சு அத ஒருக்காப் பாருங்க.

டிஸ்க் வச்சிருக்கிறவங்க மேல குட்டி டப்பாவில ஒயிலின்ட நிறத்தப் பாருங்க. பிறேக் ஒயில் காத்துல உள்ள ஈரத்தையே இழுக்கும், அதான் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்தச் சொல்றது. கோப்பி நிறத்துல இரிக்கிறது ஒயிலே இல்ல.

டிசம்பர் 10

முன் பிறேக்குக்குச் சண்ட தொடங்கித்து. "முன் பிறேக் புடிச்சா தலைகுப்புற அடிக்கும், அப்பா சின்ன வயசுல சொல்லித் தந்தது" எண்டு மூண்டு பேர் எழுதியிருக்கீங்க. எனக்கும் அப்பிடித்தான் சொல்லித் தந்தாங்க, சைக்கிள் பழகக்குள்ள. பைக் நிக்கப் போகக்குள்ள பாரம் எல்லாம் முன்னுக்கு வரும், பின் சில்லு லேசாகும். லேசான சில்ல மட்டும் புடிச்சா அது பூட்டிக்கொண்டு இழுபடும், பின் பக்கம் ஒரு பக்கமா ஓடும். நல்ல தார் ரோட்டுல வண்டிய நிப்பாட்டிற பெரிய வேல முன் பிறேக்குக்குத்தான். வெட்டி இழுக்கப்படா, அமத்தத் தொடங்கி கூட்டிக்கொண்டு போகோணும், வண்டி நேரா நிமிந்து நிக்கோணும், பின் பிறேக்கும் கூட வரோணும். அவ்வளவுதான். ஆளில்லாத ரோட்டுல ஒரு பின்னேரம் பழகிப் பாருங்க, முப்பதுல தொடங்குங்க.

டிசம்பர் 11

"அப்ப கல்லடிக் கடற்கரை மணலுக்குள்ளயும் முன் பிறேக்கா?" எண்டு கேட்ட வாத்தியாருக்கு: இல்ல சேர். மணல், சேறு, சரளை, ஈர இரும்பு, இதுகள்ல முன் பிறேக்க இறுக்கினா அப்பா சொன்னதுதான் நடக்கும். அங்க முன்கூட்டியே வேகத்தக் குறைச்சுத்துப் போகோணும். ரெண்டு கட்சிக்கும் பாதி வெற்றி, சண்ட முடிஞ்சுது.

ஈர இரும்பு எண்டவுடன ரயில் தண்டவாளம். ஏறாவூர், வாழைச்சேனைப் பக்கம் கடவையச் சாய்வாக் கடக்கிற இடங்கள்ல, மழைக்குள்ள, தண்டவாளத்த முடிஞ்ச அளவு நேராக் குறுக்கால வெட்டிப் போங்க. சாய்வாப் போனா முன் சில்லு இடுக்குக்குள்ள இறங்கும். அந்தக் காலத்துல ஓட்டமாவடிப் பழைய பாலத்துல ரயிலும் வாகனமும் ஒரே பாலத்தாலதான் போகும், நடுவுல தண்டவாளம், ஓரத்துல நாம. அதுல பைக் ஓடிப் பழகினவங்களுக்கு இது ஒண்டும் சொல்லித்தரத் தேவையில்ல. புதுப் பாலம் வந்த பிறகு ஓடப் பழகினவங்களுக்குத்தான் சொல்றன்.

டிசம்பர் 22

செயின். வெள்ளத்துக்குள்ள போய் வந்த பைக்கெல்லாம் இப்ப "கரக் கரக்" எண்டு போகுது, ரோட்டுல கேக்குது.

முதல்ல பயமான விசயம். செயின் துடைக்கக்குள்ள எஞ்சின ஓடவிட்டு, கியர்ல போட்டு, துணியப் புடிச்சுக்கொண்டு நிக்காதீங்க. துணி பல்லுக்குள்ள மாட்டினா விரலும் பின்னால போகும். எஞ்சின நிப்பாட்டி, சென்டர் ஸ்டாண்ட் போட்டு, சில்லக் கையால சுத்துங்க. சோம்பல்தான், விரல் பத்தும் இரிக்கும்.

மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரசும். துடைச்சுக் காஞ்ச பிறகு 90 கியர் ஒயில், உள் பக்கத்தால, சொட்டுச் சொட்டா. எஞ்சின்ல இருந்து வடிச்ச கறுத்த ஒயில ஊத்திற பழக்கம் நம்மட பக்கம் எல்லார்ட்டையும் இரிக்கி, ஓசிதானே. அதுக்குள்ள உரஞ்சின இரும்புத் தூள் இரிக்கி, கரி இரிக்கி, போதாததுக்கு வயல் ரோட்டு மண்ண இழுத்து ஒட்டவைக்கும். செயினும் ஸ்பொக்கட்டும் மாத்திற காசப் பாத்தா ஓசி எண்டு ஒண்டு இல்ல.

ஆட்டம்: சின்னப் பைக்குகளுக்கு கீழ்ச் செயின் நடுவுல மேலுக்கும் கீழுக்கும் 25 இல இருந்து 35 மில்லிமீற்றர் மட்டும், சரியான கணக்கு உங்கட பைக்கின்ட புத்தகத்துல இரிக்கி. சில்லச் சுத்திச் சுத்தி நாலு இடத்துல பாருங்க, ஒரு இடத்துல இறுக்கம் ஒரு இடத்துல தொய்வு எண்டா செயின் முடிஞ்சுது. கிண் எண்டு இறுக்கி வைக்கிறதும் நல்லதில்ல, பின்னால ரெண்டு மூடை நெல்லும் ஆளும் ஏறி சொக்கப்சர் இறங்கினா செயின் இன்னும் இறுகும், கியர் பெட்டிப் பெயாரிங்கைத் தின்னும்.

டிசம்பர் 22, திரும்ப

மறந்துத்தன். செயின் லொக்குல ஒரு கிளிப் இரிக்கி, ஒரு பக்கம் மூடினது ஒரு பக்கம் பிளந்தது. மூடின பக்கம் செயின் ஓடுற திசையப் பாத்து இரிக்கோணும். மாறிப் போட்டா எதிலயாவது தட்டுப்பட்டுக் கழண்டு போகும். இண்டைக்கே டோச் அடிச்சுப் பாருங்க.

டிசம்பர் 24

கல்முனையில இருந்து ஒரு காக்கா (அண்ணன்) எழுதியிருக்கார், கறுத்த ஒயில்தான் வருசக்கணக்கா ஊத்திறாராம், செயினுக்கு ஒண்டும் ஆகல்லயாம். காக்கா, உங்கட பைக்ல மீன் பெட்டி கட்டியிருக்கிற போட்டோவப் பாத்தன். பெட்டியால ஒழுகிற ஐஸ் தண்ணி உப்புத் தண்ணி, அது சொட்டுச் சொட்டா பின் ரிம்முலதான் விழுது. செயின விடுங்க, கம்பி ரிம்முக்குள்ள போற இடத்துல நிப்பிள் அடியப் பாருங்க, துருப் பொடி நிக்குதா எண்டு. ஒவ்வொரு கம்பியையும் ஸ்குரூ டிரைவரால லேசாத் தட்டினா எல்லாம் ஒரே சத்தமா வரோணும், ஒண்டு மட்டும் "டொக்" எண்டா அது தளந்து கிடக்கு. பெட்டிக்குக் கீழ ஒரு பழைய டயர் டியூப வெட்டி விரிச்சு விட்டா தண்ணி பக்கத்தால போகும். மாலையில நல்ல தண்ணியால ஒரு கழுவல். உப்புக் கலந்த வாவித் தண்ணியால கழுவிறது கழுவாம விடுறதுக்குச் சமன்.

டிசம்பர் 25

காக்கா ரெண்டு கம்பி டொக்காம். கறுத்த ஒயில மட்டும் விட மாட்டாராம். சரி.

2025 ஜனவரி 16

நேத்து மாட்டுப் பொங்கல். மாலை போட்ட மாடு ராவைக்கு எங்க படுத்திச்சு? ரோட்டுல. தார் சூடு, நுளம்பு குறைவு, மாட்டுக்குச் சுகம்.

கறுப்பு மாடு, கறுப்பு ரோட்டு, எதிர்ல வாற பஸ்ஸின்ட பெரிய வெளிச்சம், ஒண்டும் தெரியா. எதிர் வெளிச்சத்த முழிச்சுப் பாக்காதீங்க, இடப் பக்க வெள்ளைக் கோட்டப் பாத்துக்கொண்டு வேகத்தக் குறைங்க. நம்மட பைக்கின்ட டிம் வெளிச்சம் அடிக்கிற தூரத்துக்குள்ள நிப்பாட்ட ஏலாத வேகம் எண்டா அது கண்ண மூடிக்கொண்டு ஓடுறதுதான். அனேகம் பேர்ட லைட்டு மரத்துல வௌவால் பாக்கத்தான் உதவும், பின்னால ஆளோட நேரா நிறுத்தி மதிலுக்கு அடிச்சு இறக்கி வைங்க. இருட்டுல லைட்டில்லாம வாற உழவு மெசின் பெட்டியும் அதே கணக்குத்தான். மெசின் வச்சிருக்கிறவங்க பின்னுக்கு ரெண்டு சிவப்பு ரிப்ளெக்டர் ஒட்டினா புண்ணியமாப் போகும், பெரிய காசில்ல.

வெல்லாவெளி, உன்னிச்சைப் பக்கம் ராவுல போறவங்களுக்கு மாட்டோட நிக்காது, ஆனையும் இரிக்கி. கண்டா ஹோர்ன் அடிக்காதீங்க, லைட்ட மேலயும் கீழயும் போட்டு விளையாடாதீங்க. தூரத்துலயே நிப்பாட்டி, திருப்பிக்கொண்டு போயிரோணும். போட்டோ எடுக்க நிக்கிற பொடியன்மாருக்கு என்னத்தச் சொல்ல.

பெப்ரவரி 9

நெல் வெட்டுத் தொடங்கித்து. அம்பாறைப் பக்கமும் நம்மட பக்கமும் ரோட்டுல அரைவாசிக்கு நெல் காயுது. காஞ்ச நெல்லுக்கு மேல ஏறினா சில்லு உருளாது, வழுக்கும். ஏற வந்தா பிறேக்கும் இல்ல வளைவும் இல்ல, ஹேண்டில நேரா வச்சு அக்சிலேட்டர மெதுவா விட்டுக் கடக்கோணும். வெட்டு மெசின் ஏறி இறங்கின இடத்துல சேத்துக் கட்டி கிடக்கும், முதல் மழைத் தூறலுக்கு அது சவுக்காரம்.

நெல் காயப்போடுறவங்களோட சண்ட புடிக்கச் சொல்லி ஒராள் எழுதியிருக்கார். களம் இல்லாதவன் எங்க கொண்டுபோய்க் காயப்போடுறது? ராவைக்கு கல்லும் மரக் குத்தியும் அடையாளம் வச்சுத்துப் போறாங்களே, அதுதான் ஆளக் கொல்லும். காலையில குவிச்சு எடுக்கக்குள்ள அந்தக் கல்ல எடுத்துப் போடச் சொல்லிக் கேளுங்க, கேப்பாங்க.

பெப்ரவரி 21

வாகன இறக்குமதி திறந்தித்தாமே, புதுப் பைக் வாங்கிறதா, பழசா எண்டு முதல்ல கேள்வி கேட்ட தம்பியே திரும்ப வந்திருக்கார், சிடி 100 வித்துத்தாராம். 2020ல நிப்பாட்டினது 2025 பெப்ரவரிலதான் விட்டாங்க, வரியோட விலை எங்க போய் நிக்கும் எண்டு அப்ப கடைக்காரனே கை விரிச்சான். பழசு எண்டா ஒண்டப் பாருங்க, நவம்பர் வெள்ளத்துல முங்கின பைக்கெல்லாம் இப்ப கழுவிப் பூசி விலைக்கு நிக்குது.

மேல் பளபளப்பப் பாக்காதீங்க. சீட்டக் கழட்டி வயர் சொக்கட்டுகளப் பிரிச்சுப் பாருங்க, செம்பு பச்சை பூத்திருந்தா முங்கினது. ஹெட்லைட் கண்ணாடிக்கு உள்பக்கம், மீற்றர் கண்ணாடிக்கு உள்பக்கம் சேத்துக் கோடு இரிக்கா எண்டு பாருங்க. தாங்கி மூடியத் திறந்து போன் வெளிச்சத்த அடிச்சா துரு தெரியும். சென்டர் ஸ்டாண்டுல வச்சு ரெண்டு சில்லையும் இடம் வலமா ஆட்டிப் பாருங்க, ஆடினா பெயாரிங் போயித்து. டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் அடிச்சிருக்கும், 1521 எண்டா 2021ம் ஆண்டு 15வது கிழமை செஞ்சது. டயர்ப் பட்டன் (ரோட்டுல படுற வெட்டு) நல்லா இருந்தாலும் ரப்பர் வெடிச்சிருந்தா டயர் செலவையும் விலையில கழிக்கச் சொல்லுங்க. விக்கிறவர் நீங்க போக முந்தியே எஞ்சின சூடாக்கி வச்சிருந்தார் எண்டா ஒரு மணித்தியாலம் கதைச்சுக்கொண்டு இருந்து, ஆறின பிறகு நீங்க ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க.

கடைசியா சீ.ஆர். புத்தகம், அதாவது வண்டிட பதிவுப் புத்தகம். செசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் பைக்குல உள்ளதோட இலக்கம் இலக்கமா ஒத்துப் பாருங்க, போட்டோக் கொப்பிய வச்சு இல்ல, ஒறிஜினல வச்சு. அதுல லீசிங் கொம்பனிட பேர் கிடந்தா, கடன் முடிஞ்சுது எண்டு அவங்கட கடிதம் கைக்கு வராம ஒரு சதம் அட்வான்சும் குடுக்காதீங்க.